உலக்கை எத்தனை அடி வாங்கினார்?

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், செல்போனில் சத்தமில்லாமல் பழைய குத்துச்சண்டை ஒன்றைப் பார்த்தபடி, மடியிலிருந்த தாளில் ஏற்கெனவே போட்ட கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மலை மாதிரி ஒரு கிழவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

முதல் தொடக்கம்: மணி அடித்தது. உலக்கை என்று ஊரே அழைத்த அந்த மாமிச மலை, மதம் பிடித்த யானையைப் போலப் பாய்ந்து…

வேண்டாம். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் இப்படி எழுதித்தான் மனிதரின் பெயரைக் கெடுத்தார்கள். (அவர்கள் தீர்ப்பு: பலம் உண்டு, வித்தை கிடையாது, அடியை முகத்தாலேயே தடுப்பவர்.)

இரண்டாம் தொடக்கம்: அப்பா டீ தம்ளரை மேசைக்கு நாலு விரல் தள்ளிக் காற்றில் வைத்தார்.

இது சரி. மகள் குனிந்து தரையைத் துடைத்தாள். (நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை மரியாதையாகச் சொன்னேன், கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் உண்டு.) ஒரே வாரத்தில் மூன்றாவது தம்ளர். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சண்டைக்காரர் என்று தெரிந்ததும், தலையில் எத்தனை அடி வாங்கியிருப்பார் என்று டாக்டர் கேட்டார். ஸ்கேன் எடுக்க நாள் குறித்துக் கொடுத்தார். அவள் அப்பாவிடம் கேட்டாள்.

“எண்ணிக்கிட்டா சண்டை போடுவாங்க?” என்றார் உலக்கை.

அவள் பயந்தது இதற்குத்தான்: அடி அதிகமென்றால் தலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கும். இன்றைக்குத் தம்ளர் தவறுகிறது, நாளைக்கு மகளின் பெயர் தவறும்.

3

அவளுக்கு வேலை சட்டைத் தொழிற்சாலையில். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலும் அதே வேலைதான் என்று அவள் கணவர் சொல்வதுண்டாம். பள்ளியில் ‘உலக்கை மகள்’ என்று கேலி செய்த நாளிலிருந்து அவள் அப்பாவின் சண்டை எதையும் பார்த்ததில்லை. இப்போது அவருடைய கடைசிச் சண்டையை எங்கெங்கோ தேடிப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாள். எதிராளி கையை வீச வீச, கூட்டம் ‘ஹோ’ என்று அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு கோடு. நாலு சுற்றில் நூற்றுப் பன்னிரண்டு. பேனாவை வைத்துவிட்டு அழுதாள்.

(எழுதிவிட்டு அடித்த வரி: அப்பா ஜன்னலோரம் நின்று தூரத்து வானத்தை வெறித்தார். இதை அங்கேயே கிறுக்கி அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். “எங்கப்பாவா? அவர் முகக்கண்ணாடி முன்னாடிதான் நிப்பார்” என்றார்.)

4

ஆகவே அப்பா சீப்பும் கையுமாக வந்தார். தாளைப் பார்த்தார். வருத்தப்படவில்லை, மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இவ்வளவும் என் மேல பட்டுச்சுன்னு எழுதியிருக்கியா? சத்தத்தை நிறுத்திட்டுப் பாரும்மா. பட்டுதுன்னா அவன் கை நின்னுடும். படலைன்னா கை பின்னாடியே அவனும் போவான்.”

சத்தத்தை நிறுத்தினாள். தொழிற்சாலையின் மெஷின் இரைச்சலில் அவளுக்குக் காதே வேலை செய்யாது, எல்லாம் கண்தான். இப்போதும் கண் விழித்துக்கொண்டது. எதிராளியின் கை அப்பாவின் காதோரம் வழுக்கிக்கொண்டு ஓடியது, அதன் பின்னாலேயே அவன் இரண்டடி தடுமாறிப் போனான். அடுத்ததும் அப்படியே. முதல் நாலு சுற்றின் நூற்றுப் பன்னிரண்டு, ஒன்பதாயிற்று. ஒன்பது சுற்றும் முடிந்தபோது தாளில் இருபத்து மூன்றே கோடுகள்.

அப்புறம் ஏன் தலை அப்படித் தெறித்தது என்று கேட்டாள்.

“நான்தான் தெறிக்க விட்டேன். பட்டுடுச்சுன்னு நெனச்சா அவன் இன்னும் பலமா வீசுவான், சீக்கிரம் களைச்சுப்போவான். ஜனமும் அதைப் பாக்கத்தானே வந்துச்சு?”

இத்தனை வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பத்தாம் சுற்றை மட்டும் அவள் பார்க்கவில்லை. அதில்தான் அப்பா விழுந்தார். தாடையில் வாங்கிய ஒரே அடியில் மரம் மாதிரி சாய்ந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. அந்த ஓர் அடி போதுமே என்று அவளுக்குப் பயம்.

5

முதல் முடிவில் ஸ்கேனில் ஒரு நிழல் தெரிந்தது. மூன்று பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தனை பேரிடம் தப்பியவரை நான் போய் அடிப்பானேன்?

நடந்தது இது. ஸ்கேன் முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டார், அந்தப் பெண் உள்ளே போனார். திரும்பி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். “புரைங்க. இடது கண்ணுல வெறும் புரை. தலையில ஒண்ணுமில்லையாம்.” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முன்பின் தெரியாத எனக்கே மூச்சு லேசாயிற்று. உலக்கை கண் விழித்து, தன் இடது கண்ணைக் குறை சொன்னது யார் என்று சண்டைக்கு வந்தார்.

அந்தத் தைரியத்தில் அந்தப் பெண் செல்போனில் பத்தாம் சுற்றைப் போட்டார். சத்தமில்லாமல். நானும் எட்டிப் பார்த்தேன். எதிராளியின் கை தாடைக்கு வந்தது. உலக்கை சாய்ந்தார். இருபத்து நாலாவது கோட்டுக்குப் பேனா தயாராக இருந்தது.

“அப்பா, அவன் கை நிக்கலையே.”

உலக்கை மின்விசிறியைப் பார்த்தார். “அதை மட்டும் சத்தத்தோட பாரு.”

அப்பா ஏமாற்றியிருக்கிறார் என்று தெரிந்து ஒரு மகள் இத்தனை நிம்மதிப்பட்டு நான் பார்த்ததில்லை. எதற்காக விழுந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எவனாவது தோற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டதாலா, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியதாலா, எனக்குத் தெரியாது. திறமைக்கு மார்க் போட வேண்டியது நீங்கள். பத்தாம் சுற்றுக்கு எதிரே தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறது, பேனா இந்தாருங்கள். சத்தத்தோடு பார்ப்பதா இல்லாமலா என்பது உங்கள் பாடு.