வாத்து போட்ட மூன்று இருபது

ஆறு அரக்கர்களும் இரண்டு டிராகன்களும் சேர்ந்து கொல்ல முடியாத ஒரு பெண்ணை, வெறும் ஒரு வாத்தை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், காப்பி ஆறுவதற்குள் கொன்றவன் கால்மார் ஊரிலேயே நான் ஒருவன்தான். அந்தக் கொலையின்போது நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இந்த இரண்டில் எதை நம்ப முடியவில்லை என்று கேட்டால், என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தேன். என் பெயரைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் ஸ்டீயரிங்குகளுக்கே வியர்க்கும். ஓய்வு பெற்ற பிறகு, வயதானவர்களுக்கான படிப்பு வட்டத்தில் வம்சாவளி தேடுவதும் பறவை பார்ப்பதும் சலித்துப்போய், சாகசக் கதையாட்டம் ஒன்றை நடத்துகிறேன் என்று கை தூக்கினேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் வாழ்வார்கள். அடி படுமா படாதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்; எண் பெரிதானால் அடி படும். விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்திருந்தும், முதல் வியாழக்கிழமை ஒரு கதவை வர்ணிக்கவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கதவு திறப்பதற்குள் ரங்னார் தூங்கிவிட்டார்.

ரங்னார் கசாப்புக்கடை வைத்திருந்தவர். ஆட்டத்தில் ரத்தத்தைக் கண்டால் மயங்கும் பாதிரியார். அவர் மனைவி மார்யித், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே தலைகளை வெட்டும் போர்வீராங்கனை. மூன்றாவது ஆள் குல்பிரித், வயது எழுபத்தாறு, சக்கர நடைவண்டி இல்லாமல் பத்து அடி போக முடியாது. முப்பது வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். ஏன் சைக்கிள் என்றால், அவளை உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்கடித்த மகானுபாவன் நான். அவளுடைய பாத்திரம் ஸ்னுர்ரா என்ற திருடி. ஸ்னுர்ராவுக்குத் தரையே ஆகாது. கூரைக்குக் கூரை தாவித்தான் போவாள்.

எதிரிகளின் பகடையை ஆட்டம் நடத்துபவர் ஓர் அட்டைத் தட்டிக்குப் பின்னால் மறைத்து உருட்டுவார். விழுந்ததோடு எதிரியின் பலத்தைக் கூட்டி எண்ணைச் சொல்வார். மூன்றாவது வாரம், தேவாலயக் கூரையிலிருந்து ஸ்னுர்ரா தானியக் கிடங்குக்குத் தாவினாள். கீழிருந்து ஒருவன் அம்பு விட்டான். எனக்குப் பத்தொன்பது விழுந்தது. தட்டிக்கு மேலாகப் பார்த்தேன். இலவங்கப்பட்டை ரொட்டியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, எட்டு வயதுப் பெண்போல குல்பிரித் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு” என்றேன். அம்பு எங்கோ போயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் அறையின் ஹீட்டரை அணைத்திருக்கலாம். அன்று தொடங்கியது. ஏழு மாதத்தில் நான் விரட்டியடித்த அம்புகளைப் பொறுக்கினால் எதிரே கடலில் இருக்கும் ஓலாண்டுத் தீவுக்கு இன்னொரு பாலம் கட்டலாம். இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தோற்கடித்தவனின் பரிகாரம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு காப்பி இடைவேளையில் அவள் சொன்னாள்:

“அந்தப் பக்க இடுப்பு மூட்டையும் மாத்திடலாம்னு டாக்டர் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. போன தடவை மயக்கம் தெளியவே ரெண்டு நாளாச்சு. அந்தப் பயத்துல வேண்டாம்னே இருந்தேன். அப்புறம் ஸ்னுர்ராவை யோசிச்சேன். ஏழு மாசமா அவ மேல ஒரு கீறல் இல்ல. என் ராசிதான அவ ராசி. கையெழுத்து போட்டுட்டேன்.”

“நல்ல காரியம் பண்ண தாயே” என்றார் ரங்னார்.

கடித்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தேன். அவள் கத்திக்குக் கீழே போய்ப் படுக்கப்போவது நான் சொன்ன ‘நாலு’களை நம்பி. அங்கேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. கோழைகளுக்கே உரிய பெருந்திட்டம் ஒன்றைப் போட்டேன். அடுத்த வாரத்திலிருந்து பகடை சொன்னதை அப்படியே சொல்வது. ஆனால் முதல் நாள் யாருக்கும் அடிபடாத எதிரியாகப் பார்த்து வைப்பது. நான் தேர்ந்தெடுத்தது கதைக்குள் ஒரு மாவு மில்காரன் முற்றத்தில் மேயும் வாத்து.

ஒரு விஷயம் மறந்திருந்தேன். தொடக்கத்தில், பெரிய ஆள்போலக் காட்டிக்கொள்ள, எங்கள் வட்டத்துக்கென்று நானே ஒரு விதி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். தொடர்ந்து மூன்று இருபது விழுந்தால் அடிபட்டவர் அந்த இடத்திலேயே சாவு.

ஸ்னுர்ரா முற்றத்தில் குதித்தாள். வாத்து கொத்த வந்தது. அதன் பலம் வெறும் இரண்டு. உருட்டினேன். இருபது. எல்லோரும் சிரித்தார்கள். விதிப்படி மறுபடி உருட்டினேன். இருபது. மார்யித்தின் ஊசி நின்றது. மூன்றாவதை உருட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நாலு’ என்று சொல்லியிருக்கலாம். ஏழு மாதம் பழகிய சொல். இனிமேல் பொய் இல்லை என்று அன்று காலையில்தான் கண்ணாடி முன் நின்று சொல்லியிருந்தேன். என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு சபதம்தான் ஒரு வேளை முழுக்கத் தாங்கியது.

“இருபது” என்று சொல்லித் தட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

“எட்டாயிரத்துல ஒண்ணுய்யா அது” என்றார் ரங்னார். “நாப்பது வருஷம் கசாப்புக்கடை வச்சிருந்தேன். ஒரு வாத்துகூட என்னைத் திருப்பி அடிச்சதில்ல.”

குல்பிரித் சிரிக்கவில்லை. “பகடையைத் திருப்பி வச்சிட்ட” என்றாள். “நான் ஆபரேஷனுக்குப் போகக் கூடாதுன்னு நெனக்கிற. அதை வாயால சொல்லத் துப்பில்லாம வாத்தை விட்டுச் சொல்ற.”

“இல்ல குல்பிரித், நிஜமாவே விழுந்துது.”

“கிழவா, நான் மூணு தடவையும் உன் மூஞ்சியத்தான் பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வியாழனும் வருகைத்தாளில் அவள் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. ஆபரேஷன் திங்கட்கிழமை, போவதா வேண்டாமா என்று இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை என்று மார்யித் போனில் சொன்னாள். சனிக்கிழமை மதியம், இறைச்சி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு சட்டியும் லிங்கன்பெரி ஜாமும் எடுத்துக்கொண்டு குல்பிரித் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு மட்டும்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து, தேவாலயக் கூரையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மிகைப்படுத்த எதுவும் இல்லாத கதையைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அடிக்கடி நின்றேன்.

“அப்ப அந்த டிராகன்?”

“பதினெட்டு விழுந்துது. ரெண்டுன்னு சொன்னேன்.”

“வாத்து மட்டும் நிஜம்.”

“வாத்து மட்டும்.”

“மத்ததெல்லாம் நம்பறேன்” என்றாள். “வாத்தை நம்பல.”

எழுந்து இழுப்பறையிலிருந்து தன் பகடையை எடுத்து என் முன் வைத்தாள். பால் பெட்டியைத் தட்டிபோல நடுவில் நிறுத்தினாள். “உருட்டு. கூட ரெண்டு சேத்துக்கோ. நிஜத்தைச் சொல்லு.” சொன்னேன். “இப்ப பொய்.” சொன்னேன். நிஜம், பொய், பொய், நிஜம். அவள் பால் பெட்டியைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுக்கட்டையின் மேல் வெண்ணெய் உறைந்து வெளுத்தது.

“பொய் சொல்றப்ப நீ கூட்டறதே இல்ல, சிக்ஸ்டன்” என்றாள் கடைசியில். “வீட்டு நம்பர் சொல்ற மாதிரி பட்டுனு சொல்லிடற. நிஜம்னா உதடு அசையுது. பதினொண்ணும் ரெண்டும் பதிமூணுன்னு.”

எனக்கே தெரியாத விஷயம் அது. முப்பத்தோரு வருடம் காரில் பக்கத்தில் உட்கார்ந்து தவறுகளைக் கூட்டிய உதடு.

“அப்ப அத்தனை கூரைலயும் நீதான் என்னைத் தூக்கிட்டுப் போய் வச்சது.”

“ஆமா.”

“எனக்குன்னு ராசி ஒண்ணும் இல்ல.”

“அது எனக்குத் தெரியாது. நான் அதை உருட்ட விடவே இல்ல.”

அவள் ஒரு கொழுக்கட்டையைப் பிளந்து, ஆறிய உள்ளிறைச்சியை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“திங்கக்கிழமை காலைல ஆறரைக்குக் காரை எடுத்துட்டு வா” என்றாள். “ராசியப் பத்திப் பேசாம ஓட்டு.”

பிறகு நடைவண்டியைப் பிடித்து எழுந்துபோய், குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த, ஸ்னுர்ராவின் பலமும் காயமும் குறித்துவைக்கும் தாளை எடுத்து வந்தாள். ஏழு மாதம் பென்சிலாலேயே எழுதி அழித்து எழுதிய தாள். அதன் அடியில், பேனாவால், அவசரமில்லாமல், ‘வாத்து’ என்று எழுதினாள். மை காயட்டும் என்று ஊதினாள்.

“அன்னைக்கு மூணு தடவையும் உதடு அசைஞ்சுது” என்றாள், தாளைப் பார்த்தபடியே. “இருபதும் ரெண்டும்னு. நடந்ததுதான்.”