வாய் நிறைய கேக்

வாஷிங் மிஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து எட்டு வருஷம் போனில் திட்டு வாங்கிய ஒருத்திக்குச் சொந்தக் குரல் என்று ஏதாவது மிச்சம் இருக்குமா? தேனுக்கு இந்தச் சந்தேகம் வந்து இரண்டு மாதமாகிறது.

தேன் என்பது அவள் பெயரில்லை, ஆபீஸில் வைத்தது. பட்டுப் புடவை கந்தலாகிப் போய் எரிமலையாக வெடிக்கிறவர்களைக்கூட ஐந்தே நிமிஷத்தில் "சரிம்மா, நீ என்ன பண்ணுவே, பாவம்" என்று சொல்ல வைத்துவிடும் குரல் அது. அதற்காக மூன்று கோப்பைகள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் ஹேர்பின் போட்டு வைத்திருக்கிறாள்.

சந்தேகம் எப்படி வந்தது என்றால், தங்கை ஒருநாள் போன் செய்து, "அக்கா, நான் மாசமா இருக்கேன்!" என்று கத்தினாள். அதற்கு தேன் சொன்ன பதில்: "தகவலுக்கு நன்றி. உங்கள் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன."

தங்கை ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாக வரன் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பல் பார்க்கிற டாக்டர்க்கா. தனிக்கட்டை. நல்ல மனுஷன்."

"ஆள் எப்படிடீ இருப்பாரு?"

"எப்பவும் மாஸ்க் போட்டிருக்காரு. மேல் பாதி நல்லாயிருக்கு. கீழ் பாதியை நீ பார்த்துட்டுச் சொல்லு."

இதற்கு முன் ஒருவரைப் பார்த்தாயிற்று. தேன் பேசப் பேச அவர் சொக்கிப்போய்க் கேட்டார். பத்தாவது நிமிஷம் பையிலிருந்து தன் வீட்டு மிஷினின் கேரண்டி கார்டை எடுத்து நீட்டினார். அன்றைக்கே தேன் முடிவு செய்துவிட்டாள்: இன்னும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு அவளைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவன் எதிரே தன் வாயிலிருந்து தன் பேச்சு வர வேண்டும். வராவிட்டால் இந்த ஜென்மத்துக்கு வேறு யாரையும் பார்ப்பதாக இல்லை.

தங்கை வாசல் வரை வந்து எச்சரித்தாள். "நன்றி சொல்லாதே. வருத்தம் தெரிவிக்காதே. முக்கியமா, வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுத் தொலைக்காதே. கும்பிட்டுக் கேக்கறேன்."

காபிக் கடையில் பல் டாக்டர் ஏழு நிமிஷம் தாமதமாக, மூச்சிரைக்க வந்தார். கீழ் பாதியும் மோசமில்லை. மோவாயில் ஒரு குழிகூட இருந்தது.

"மன்னிச்சிடுங்க. ஒருத்தரோட கடைவாய்ப் பல், வரவே மாட்டேன்னு அடம்பிடிச்சிடுச்சு."

"காத்திருந்ததற்கு நன்றி" என்றாள் தேன்.

காத்திருந்தது அவள்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலுக்கு ஓர் உதை விட்டாள். அது டாக்டரின் முழங்காலில் போய் விழுந்தது.

"ஆ!"

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்."

டாக்டர் முழங்காலைத் தடவிக்கொண்டே கடையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். "உங்க கூட இன்னும் யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லை. வேறு ஏதாவது உதவி தேவையா?"

தங்கை சொல்லாதே என்ற மூன்றும் தீர்ந்தன. உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து போய்விடலாமா என்று யோசித்தாள். அதற்குள் அவர், அவளை ஒரு வார்த்தை கேட்காமலே, இரண்டு சாக்லேட் கேக் சொல்லிவிட்டார். பல் டாக்டரே கேக் வாங்கித் தருவது தொழில் தர்மமா, தொழில் தந்திரமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கேக் வரும்வரை மனிதர் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கொழுக்கட்டை வாயில் இருக்கிறாற்போல ஒரு மௌனம். ஆனால் தேன் ஒரு பெரிய துண்டை வாய்க்குள் தள்ளிய அந்தக் கணமே, வலது பக்கமாகச் சாய்ந்து, அன்பாகக் கேட்டார்.

"இந்த வேலையில எத்தனை நாளா இருக்கீங்க?"

"எழ்ழு வழுழம்."

"எட்டு வருஷமா! அடேயப்பா."

தேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக மென்று விழுங்கி, அடுத்த கேள்விக்குத் தயாராக நிமிர்ந்தாள். டாக்டர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அவள் அடுத்த துண்டை வாயில் போட்டதும்தான் திரும்பினார்.

"வேலை பிடிச்சிருக்கா?"

வாய் காலியாக இருந்திருந்தால், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி என்று கிளம்பியிருக்கும். வழியை அடைத்துக்கொண்டு கேக் நின்றது. பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தது வேறு ஒன்று.

"ஹில்ல."

"இல்லையா? ஏங்க?"

"ஹினமும் ஹிட்டு."

"தினமும் திட்டா? யார் செஞ்ச தப்புக்கோ நீங்க வாங்கிக்கறீங்க." கீழ்த்தாடையில் சொத்தை கண்டவர்போல் வருத்தமாகத் தலையாட்டினார்.

எட்டு வருஷத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தேன் மளமளவென்று தின்றாள். தின்னத் தின்னச் சொன்னாள். மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சி என்றாள், ராத்திரி கனவிலும் மணியடிக்கிறது என்றாள். மெல்லுகிற வாய்க்கு மரியாதை ஏது? அத்தனையும் அவருக்கு ஓர் எழுத்து பிசகாமல் புரிந்தது. அவர் தொடாமல் வைத்திருந்த இரண்டாவது கேக்கையும் அவளே தின்று முடித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் கடைசியில். "என் வாயில ஏதாவது இருந்தாத்தான் பேசுவீங்களா?"

டாக்டர் திடுக்கிட்டார். "அப்படியா பண்ணினேன்? ஐயோ! பதினாலு வருஷப் பழக்கங்க. வாய் காலியா இருக்கிறவங்ககிட்ட எனக்குப் பேச வராது. பதில் தெளிவா வந்துடுமேன்னு பயம். போன தடவை பார்த்தவங்க ரொம்பத் தெளிவா 'வேண்டாம்'னுட்டாங்க."

தட்டுகள் இரண்டும் காலி. கடைக்காரப் பெண் வந்து, "இன்னொண்ணு கொண்டு வரவா?" என்றாள். தேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேண்டாமென்று தலையசைத்தாள். இனி மறைந்துகொள்ள இருவருக்குமே ஒன்றுமில்லை.

டாக்டர் ஸ்பூனை இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். "மறுபடியும் ஒரு நாள்... பார்க்கலாமா?"

உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தேன் உதட்டை இறுக்கி மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. ஆபீஸாக இருந்தால் இந்நேரம் மேலதிகாரி பின்னால் வந்து நின்றிருப்பார். டாக்டரின் காது சிவந்துகொண்டே போயிற்று.

"பார்க்கலாம்" என்றாள். கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு குரல். அவளே பயந்துபோனாள், ஆனாலும் நிறுத்தவில்லை. "ஆனா கேக் வேண்டாம். எனக்குக் கேக்கே பிடிக்காது."

"என்னது? ரெண்டு சாப்பிட்டீங்களே!"

"பின்னே? நீங்க கேள்வி கேக்கணுமே!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக் குழந்தை அழ ஆரம்பித்தது. இருவரும் வெளியே தப்பி ஓடினார்கள். அங்கே நடைபாதையில் நின்றபடியே, தனக்கு வேறு என்னென்ன பிடிக்காது என்று தேன் விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினாள். பத்து விரலும் போதவில்லை. டாக்டர் தன் கைகளை நீட்டினார்.