டோரீன் நின்ற இடங்கள்

நார்வேயில் ஒரு காகித ஆலைக்காரர் தன் கணினியில் நிரலை நிறுத்தும்போதெல்லாம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் டோரீன் நின்றுபோனாள். எடுத்த கால் அந்தரத்தில் இருக்கும், மூச்சு சீராக வரும். அவர் நிரலை மறுபடி ஓடவிட்டதும் மீதி அடியை வைப்பாள். நிரலை நடுவில் நிறுத்திப் பிழை தேட உதவும் டீபக்கர் என்ற மென்பொருளில், வழக்கொழிந்த ஒரு செயலிக்கான, அதாவது பழைய கணினிச் சில்லுக்கான, பகுதியை அவள் பராமரிக்கத் தொடங்கிய வருடம் இது ஆரம்பித்தது. அப்போது அந்தச் செயலியைப் பலர் வைத்திருந்தார்கள். ஒரு தெருவைக் கடக்கவே அவளுக்குக் காலைப்பொழுது போய்விடும். ஒவ்வொருவராகப் புதிய செயலிக்கு மாறிய பின் மிஞ்சியவர் இந்தக் காகித ஆலைக்காரர் மட்டும். அவர் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், டோரீன் கோல்ஸ் பார்க் வாசலில் மழையில் நிற்பாள். எதிர்வீட்டு ஆஞ்சலா குடைபிடித்து, "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்பாள். கணவன் ரயான் கண்டக்டர் மாதிரி "ரைட் ரைட்" என்று முதுகைத் தட்டுவான். பலன் இருந்ததில்லை.

மகள் பிறந்தபின் இந்தச் சிரிப்பு நின்றது. டோரீன் குழந்தையை உட்கார்ந்தபடிதான் தூக்கினாள். தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கியதில்லை. அந்தப் பகுதியையே நீக்கிவிடலாம் என்று அவள் எழுதியபோது மென்பொருள் குழுவில் எவரும் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீக்குவதாக முடிவாயிற்று. பயம் ரயானுக்குத்தான். அவள் நின்றிருக்கும் நேரத்தில் நீக்கிவிட்டால், மறுபடி ஓடவிட உலகில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"நீ சிலையா நின்னுட்டா நான் என்ன பண்றது? டெய்லி மாலை போடறதா?"

"மாலை வேணாம். பக்கத்துல ஒரு ஃபேன் போடு."

ஆனாலும் அன்றிரவே நார்வேக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். அவர் வியப்புக் காட்டவில்லை. கடைசி இயந்திரத்தை வியாழனன்றே மாற்றிவிடுவதாகவும், அதற்குமுன் நிரலை ஓடவிட்டுவிடுவதாகவும் பதில் வந்தது. மதிய உணவு வேளைகளுக்காக மன்னிப்பும் கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பகுதி நீக்கப்பட்டது. டோரீன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள், தெருவைக் கடந்தாள், பார்க் வாசலில் நின்றாள். ஆஞ்சலா பழக்கத்தில் குடையை விரித்தாள். ரயான் ஓடிவந்தான்.

"ரைட்... ரைட் ரைட்..." அவள் முதுகைத் தட்டித் தட்டிக் கத்தினான்.

"கத்தாத ரயான், பாப்பா இப்பதான் தூங்கறா. நானாதான் நின்னேன்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம், வேண்டிய மட்டும் நின்றாள். ஆஞ்சலா குடையை மடக்கிக்கொண்டு பால் வாங்கப் போனாள்.