டாங்கிக் கை

குணசேகரன் மூடிய பாட்டிலை அந்த வீட்டில் வேறு யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊறுகாய் பாட்டிலோ, மண்ணெண்ணெய் டின்னோ, குளியலறைக் குழாயோ, அவர் கை பட்டால் அதோடு சரி. மனைவி கஸ்தூரி முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்ப்பாள், கதவிடுக்கில் வைத்துப் பார்ப்பாள், கடைசியில் ஊறுகாய் இல்லாமலே தயிர்சாதத்தைச் சாப்பிட்டு எழுந்திருப்பாள். மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பாதி ஆயுளை போல்ட் முடுக்கியே கழித்தவர். அங்கே ஸ்பேனர் முனையில் பைப்பைச் செருகி, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு இழுத்தால்தான் போல்ட் மசியும். அப்படி இழுத்து இழுத்துப் பழகிய கை, சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் பூத்தொடுக்கிற கையாக மாறிவிடுமா என்ன?

அந்தக் கையோடுதான் அவர் கார் ரிப்பேரில் இறங்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கஸ்தூரி விழுந்து முழங்கால் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. நீட்டிய கால் நீட்டியபடி. பஸ் படி ஏற முடியாது, ஸ்கூட்டரில் உட்கார முடியாது, ஆட்டோவில் ஏறினால் கால் பாதி ரோட்டில் நிற்கும். அவள் தங்கை பத்மாவின் பிள்ளைக்குக் காது குத்தியபோது பத்மாவின் புருஷன் வீரராகவன் தன் அம்பாசடரை அனுப்பினான். பின் சீட்டில் குறுக்காகப் படுக்க வைத்து, இறக்கும்போது நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் காதுபட வீரராகவன் சொன்னான், "சகலை என்ன பண்ணுவாரு, பாவம்? டாங்கி செய்யறாரு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வர ஒரு வண்டி இல்ல."

குணசேகரன் கையில் எடுத்த லட்டை இலையிலேயே வைத்தார். வாயைத் திறக்குமுன் கஸ்தூரி முந்திக்கொண்டாள். "இனிமே வந்தா எங்க வண்டியிலதான் வருவேன். இல்லன்னா வரவே மாட்டேன்."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். போன மாதம் பத்மா பத்திரிகையோடு வந்தாள். ஐயப்பன்தாங்கலில் புது வீடு கட்டியாயிற்று, கிரகப்பிரவேசம். "அம்மா இல்லாத வீடு அக்கா இது. நீ வந்து உன் கையால பால் காய்ச்சணும்" என்று அழுதாள். கஸ்தூரி அவள் கண்ணைத் துடைத்துவிட்டு வாசலைக் காட்டினாள். வாசலில் நாலு செங்கல் மேல் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. "அது ஓடினா வரேன்."

பெங்களூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி கொஞ்ச காலம் செய்துவிட்டுக் கைகழுவிய சின்னக் கார் அது. உடம்பு முழுவதும் ஃபைபர். பருத்திப்பட்டில் ஒரு மாட்டுக்கொட்டகையில் கோழி அடைகாக்கக் கிடந்ததைக் குணசேகரன் கயிறு கட்டி இழுத்து வந்தார். காலனியில் பார்த்தவர்கள் எல்லாம் சோப்பு டப்பா என்றார்கள். அவருக்கு அதன் பின்பக்கம்தான் கண்ணில் பட்டது. பின்னால் ஒரே கதவு, தூக்கினால் கடைத் தட்டி மாதிரி மேலே போய் நிற்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டால் கஸ்தூரி அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ராணி மாதிரி வரலாம். யாரும் இழுக்க வேண்டாம், தூக்க வேண்டாம். அந்தக் கதவுக்காகவே வண்டியை வாங்கினார்.

வாங்கின நாளிலிருந்து பிடித்தது சனி. விரிசல் விட்ட ஃபைபரைத் தேய்த்தபோது அந்தத் தூள் உடம்பில் ஏறி, வாரக்கணக்கில் சொறிந்துகொண்டே வேலைக்குப் போனார். பிரேக்கைச் சரி பண்ணினால் கிளட்ச் போகும், கிளட்சைப் பார்த்தால் ரேடியேட்டர் ஒழுகும். உதிரிபாகம் தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார். வண்டியின் பேரைக் கேட்டதுமே கடைக்காரர்கள் டீ சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். இளம்பச்சைப் பெயிண்ட்டைத் தானே அடித்தார். அது மட்டும் நன்றாக வந்தது. பின் கதவைப் பார்த்தால் முகம் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என்ஜின். அலுமினிய என்ஜின். தலைப்பாகத்தை மாட்டி போல்ட்டை முடுக்கினார். கை இன்னும் கொஞ்சம் என்றது. இன்னும் கொஞ்சம் போட்டார். போல்ட் திடீரென்று வெண்ணெயில் இறங்குகிற மாதிரி சுற்றியது. உள்ளே போல்ட்டைப் பிடிக்கிற மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

"இது இன்னா உலோகம்யா, களிமண்ணா?" என்று கத்தினார். காலனிக்கு வந்து இத்தனை வருஷத்தில் சேலத்தில் பிறந்த அவர் வாயிலும் கோபம் வந்தால் மெட்ராஸ் பாஷைதான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். உலோகத்தைத் திட்டினார், போல்ட்டைத் திட்டினார், பெங்களூரையே திட்டினார்.

பக்கத்து வீட்டு பக்தவத்சலம் அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்பவர், ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார், "மாமே, நீ முடுக்கிகினு கீறது டாங்கி இல்ல. இது அலுமினியம். பட்டும் படாம தொடணும். நீ இன்னாடான்னா எதிரி கழுத்தப் புடிச்ச மாதிரி புடிக்கிற."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? லூசா விட்டா ஆயில் ஒழுகும்."

"ஒழுகட்டுமே. ஒழுகுற வண்டி ஓடும். ஒடைஞ்ச வண்டி ஓடுமா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மரையைத் தோண்டி, உள்ளே வேறு உறை இறக்கிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை ஜாக்கிரதையாகத்தான் முடுக்கினார். அதாவது, அவருக்கு ஜாக்கிரதை என்று தோன்றிய அளவுக்கு. பழைய குருடி கதவைத் திறடி என்று பக்கத்துப் போல்ட் வழித்துக்கொண்டது. மறுபடி பட்டறை. பட்டறைக்காரன் போல்ட்டைப் பார்க்கவில்லை, இவர் கையைத்தான் பார்த்தான். "சார், இன்னொரு தபா இது தாங்காது" என்றான்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என்ஜின் தலை போல்ட்டுகள் எல்லாம் விரலால் திருகிய நிலையில் காத்திருந்தன. குணசேகரன் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், எடுத்தார். இவ்வளவு பெரிய கோபம் அவருக்கு யார் மேலும் வந்ததில்லை. தன் கை மேல் வந்தது. எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை விசிறி அடித்தார். அது துளசிச் செடியில் போய் விழுந்தது.

"போதும்டீ. நாளைக்கு நீ வீரராகவன் காருலயே போ. பத்மாவுக்கு நீ வேணும். என் ரோஷத்தக் குப்பையில போடு."

வாசலில் நாற்காலி போட்டு, ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கஸ்தூரி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, துளசியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தாள். "எது மொதல்ல, சொல்லுங்க."

"நீயா? உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எது மொதல்ல, எது அடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? சொல்லுங்க. நான் திருகறேன். என் கை எங்க நிக்குதோ அங்க விட்டுடறேன்."

நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, எந்தப் போல்ட் எப்போது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் வண்டி மேல் சாய்ந்துகொண்டு முடுக்கினாள். ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் அவள் கையை எடுத்துவிட்டாள். 'இன்னும் கொஞ்சம்' என்று அவர் வாய் வரை வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினார். அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் தொழிற்சாலையில் செய்ததில்லை.

சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு தரம் இருமியது, பிடித்துக்கொண்டது. நின்று ஓடியது. ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பக்தவத்சலம் விசில் அடித்தார். குணசேகரனுக்குச் சந்தோஷம் பாதி, அவமானம் பாதி.

கஸ்தூரி அவர் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். "இனிமே இந்த வண்டியில நீங்க எதையும் முடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

விடிந்ததும் கஸ்தூரி அரக்குப் பட்டுச்சேலை கட்டி, பின் கதவு வழியாக ஏறி, மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குணசேகரன் கதவை இறக்கி மூடினார். என்ஜினைப் போட்டதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். கடகட, கடகட. கதவுக் கைப்பிடி கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான். ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும் என்று யார் வேண்டுமானாலும் விட்டிருப்பார்கள். குணசேகரனால் முடியவில்லை. அந்தச் சத்தத்தோடு வீரராகவன் வாசலில் போய் நிற்பதா? இறங்கினார். ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. தொடைக்கிறேன்."

ஒரே ஒரு திருகு. சத்தம் நின்றது.

பருத்திப்பட்டு ஏரி மேல் காற்று அடித்தது. கஸ்தூரி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பூந்தமல்லி எவ்வளவு மாறிப்போச்சு, இந்தக் கடை எப்ப வந்துச்சு, அந்த மரத்தை ஏன் வெட்டினாங்க என்று பேசிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் அவர் மூச்சைப் பிடித்தார். வண்டி எதற்கும் அசரவில்லை. ஐயப்பன்தாங்கல் டிப்போவைத் தாண்டித் திரும்பி, வாழைமரம் கட்டிய வாசலில் நிறுத்தி ஹாரனை அடித்தபோது அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வீரராகவன் வெளியே வந்து வாயைப் பிளந்தான்.

"வாங்க சகலை! அட, ஓடுதே!"

குணசேகரன் நடந்து போய்ப் பின் கதவுக் கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு வரவில்லை. அவர் முடுக்கிய இடத்தில் உள்ளே ஃபைபர் பிளந்து, வழியில் விழுந்த குழிகளில் பூட்டே தனியாகக் கழன்றுவிட்டிருந்தது.

பக்கவாட்டில் முன் சீட்டுக்கு மட்டும்தான் கதவு; அந்தச் சீட்டை மடக்கிப் பார்த்தார்கள். மடங்காத கால் அந்தச் சந்தில் வராது. வீரராகவன் பின் கதவை இழுத்தான், அவன் தம்பி இழுத்தான், சமையல்காரர்கள் இழுத்தார்கள். உள்ளே புரோகிதர் நேரமாகிறது என்று கத்தினார். பத்மா கையில் பால் செம்போடு வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். கஸ்தூரி கண்ணாடிக்கு உள்ளேயிருந்து புருஷனைப் பார்த்தாள்.

"தொடைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. பார்த்துப் பார்த்து இழைத்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்த பச்சைக் கதவு எதிரே இருந்தது. அதில் இப்போதும் அவர் முகம் தெரிந்தது. சுவரோரம் கொத்தனார்கள் விட்டுப்போன கடப்பாரை கிடந்தது. நடந்து போய் எடுத்து வந்தார்.

"சகலை, வேணாம், ஆள் கூப்பிட்டு நிதானமா..." என்றான் வீரராகவன்.

"கஸ்தூரி, தள்ளி உக்காரு."

பூட்டுப் பக்கத்தில் கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினார். தொழிற்சாலைக்கு வெளியே முதல் தடவையாக அந்தக் கைக்குச் சரியான வேலை கிடைத்தது. கதவு பூட்டோரத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கி மேலே எழும்பியது. பச்சைச் சில்லுகள் கோலத்தின் மேல் சிதறின. கஸ்தூரி சேலையை உதறிக்கொண்டு, காலை முன்னால் விட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஊன்றுகோலில் இறங்கி நேரே உள்ளே நடந்தாள்.

பால் பொங்கியது. குலவைச் சத்தம் வாசல் வரை கேட்டது. குணசேகரன் உள்ளே போகவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, கோலத்தில் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சத்தியத்தை ஒரு நாள்கூடக் காப்பாற்றத் தெரியாத கையால் பொறுக்கினார். கண்ணில் நீர் கட்டியது, துடைக்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விருந்து முடிந்ததும் வீரராகவன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "இந்த வண்டி இங்கயே நிக்கட்டும் சகலை. ரெண்டு பேரையும் என் கார்ல விட்டுடறேன்."

குணசேகரன் தலையாட்டப் போனார்.

"வேணாம்" என்றாள் கஸ்தூரி, பின்னாலிருந்து. பந்தல் அவிழ்க்கிறவர்களிடம் கேட்டு வாங்கிய கயிறு அவள் கையில் இருந்தது. "வந்த வண்டியிலயே போறோம். கதவக் கயிறு போட்டுக் கட்டினா நிக்கும்."

அவர் எழுந்து கயிற்றுக்காகக் கையை நீட்டினார். கஸ்தூரி கொடுக்கவில்லை.

"நீங்க கதவப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் உள்ள ஏறி உக்காந்துகிட்டு முடிச்சு போடறேன். எறங்கும்போது நான்தானே அவுக்கணும்."