ஐந்து மில்லி

மணி பத்தே கால். ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு அறிவுச்செல்வி வீடு திரும்பியபோது, அவள் கணவர் காளியப்பன் பங்குனி வெக்கையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கடியில் நான்கு காலி பத்து மில்லி சிரிஞ்சுகள் கிடந்தன.

நான்கு மாதத்துக்கு முன் சேலத்தில் அவருடைய கணையத்துக் கட்டியை அறுத்தெடுத்தார்கள். அப்போது பித்தக் குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்த இடம் பின்னால் சுருங்கிக்கொண்டது. கண் மஞ்சளித்தது. வலது விலாவுக்கிடையே ஈரலுக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, பித்தத்தை வெளியே ஒரு பைக்கு இறக்கினார்கள். குழாய் அடைக்காமலிருக்க தினம் ஒரு தடவை ஐந்து மில்லி உப்புநீர், மெதுவாக. வேகமாக அடித்தால் உள்ளேயிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும், குளிர் கண்டால் அந்த நிமிடமே கிளம்பி வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். தினமும் அறிவுச்செல்விதான் ஏற்றுவாள்.

"நீங்களே ஏத்துனீங்களா?"

"பையில கலங்கலா எறங்குச்சு. ப்ளஷ் பண்ணி உட்டேன்."

"நாலு சிரிஞ்சா?"

"தெளிய வேண்டாமா புள்ள? போர் போட்டா தெளிஞ்ச தண்ணி வார வரைக்கும் அடிக்கோணும். கலங்கலோட நிறுத்துனா குழி தூந்து போயிரும். முப்பது வருசமா போர் போடற ரிக்குல நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவருக்குப் பல் கிட்டிக்கொண்டது. அவள் பையைப் பார்த்தாள். அவர் சொன்னபடி தெளிவாகத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

"எந்திரிங்க. சேலம் போலாம்."

"வெறுங் குளுரு. ஒரு மாத்தர போட்டா நிக்கும். அங்க போனா மறுக்கா படுக்கப் போட்டுருவானுக. வெள்ளிக்கெழம ரிக்கு வண்டி ராய்ச்சூரு கெளம்புது."

அந்த வண்டியில் அவருக்குப் பதில் வேறு ஆள் போட்டாகிவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

போன் போட்டதும் ரிக் டிரைவர் மோகன்குமார் காரோடு வந்தான். காளியப்பனைத் தோளில் தாங்கி ஏற்றினான்.

"ஏனுங்ணா, ஆயிரத்தி இருநூறு அடி எறக்குன ஆளு, மொழங்கை நீளக் குழாயில ஏமாந்துட்டீங்களா?"

"போடா. உன்னாட்டம் கியரத் தேச்சுட்டுத் திரியலையே நானு."

சிரித்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

சங்ககிரி தாண்டும்போது குளிர் நின்றது. அவள் நிம்மதிப்பட்டாள். அப்போது அவருடைய வலது கை மடியில் இல்லாத ரிக் லீவரைப் பிடித்து இழுத்தது.

"ராடு ஏத்து," என்றார். "ஏத்துடா, பாறை வந்துருச்சு."

மோகன்குமார் கண்ணாடியில் பார்த்தான். ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸ்தான் எடுத்தாள்.

"எவ்ளோம்மா ஏத்துனீங்க?"

ஐந்து என்று வாய்வரை வந்தது.

"நாப்பது. அவரே ஏத்திக்கிட்டாரு. நான் ஊட்டுல இல்லைங்க."

மறுமுனையில் யாரையோ கூப்பிட்டுப் படுக்கை தயார் செய்யச் சொல்வது கேட்டது.

"நேரா எமர்ஜென்சிக்கு வந்துருங்க. தூங்க விடாதீங்க, பேச்சுக் குடுத்துட்டே இருங்க. உங்கள அடையாளம் தெரியுதான்னு கேளுங்க."

அறிவுச்செல்வி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கண் திறந்துதான் இருந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க. நான் ஆருன்னு சொல்லுங்க?"