ஐந்துக்கு இரண்டரை

வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குப் பொறுமை இருக்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை முழுக்க அவர்களுடைய கைகளைத்தான் சின்னவள் பிடித்துக்கொண்டிருப்பாள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றி, குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒருவரை அனுப்பினால், அடுத்தவர் அலுத்துக்கொண்டே வந்து உட்காருவார். மதியம் கூட்டம் வடிந்ததும் கையுறைப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு நாவலைத் திறப்பாள்.

வீட்டில்தான் அவள் சின்னவள். அவளுடைய இணையப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அவள் ஊசிக்காரி. மாயாஜால நாவல், துப்பறியும் நாவல், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் என்று எது வந்தாலும் படித்து, வாங்கலாமா விட்டுவிடலாமா என்று எழுதுவாள். அவள் பேச்சை நம்பிப் புத்தகம் வாங்க ஒரு கூட்டமே இருந்தது.

ஆரம்பத்தில் ஆசையாகத்தான் இருந்தது. இப்போது முதல் பக்கத்தில் வரைபடத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. அனாதைப் பையன்தான் இளவரசன் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கொலைகாரன் யார் என்றால், ஊருக்கெல்லாம் உதவுகிற அந்த நல்ல டாக்டர். பதினாறு வயதுப் பெண்கள் எல்லோரும் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். போதும், நிறுத்திவிடலாம் என்று நினைக்கும்போது பதிப்பகத்திலிருந்து அடுத்த புத்தகப் பார்சல் வந்துவிடும்.

அப்படியொரு மதியம் அக்கா வந்தாள். செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்தாள்.

"உன் மாமா எழுதினதுடி."

மாமா, அதாவது அக்காவின் கணவர், விபத்தில் அடிபட்ட லாரிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். அவர் நாவல் எழுதியிருக்கிறார் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீ படிச்சியா?"

"எனக்கு எங்கடி நேரம்? அட்டையே அமர்க்களமா இருக்கு பாரு. டிராகன் என் யோசனை. இப்பல்லாம் அதுதானே விக்குது? அஞ்சு ஸ்டாரும் போட்டுடு. யார் யார் புத்தகத்துக்கோ போடற, உன் மாமாவுக்குப் போட மாட்டியா?"

சின்னவள் பேருந்திலும் மதிய இடைவேளையிலும் படித்தாள். கதை நகரத் தொடங்கும்போதெல்லாம் டிராகன் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. பாதிவரை கடமைக்குத்தான் ஓட்டினாள். நடுவில், துறைமுகத்தில் ஒரு ஆள் வந்தான். உடைந்து கரை சேரும் படகுகளை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தண்ணீர் எங்கே புகுந்தது என்று சொல்வது அவன் வேலை. வீட்டுக்குப் போனால் பேச வராது. அந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அப்படி நடந்தது. அப்புறம் டிராகன் திரும்பி வந்து துறைமுகத்தையே எரித்துவிட்டது.

அவள் நேராக எழுதினாள்: "ஐந்துக்கு இரண்டரை. டிராகன் இந்தக் கதைக்கு வேண்டாத விருந்தாளி. ஆனால் படகைத் தட்டிப் பார்க்கும் மனிதனின் பக்கங்கள், சமீபத்தில் நான் படித்தவற்றில் ஆகச் சிறந்தவை. அதற்காக வாங்கலாம். மற்றதைத் தாண்டிப் போங்கள்."

அன்று சாயங்காலமே அக்கா போனில் வந்தாள்.

"உன்கிட்டக் கொண்டுவந்து கொடுத்தேன் பாரு, சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதை! இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதே."

அடுத்து அம்மா கூப்பிட்டாள். "கூட ஒரு அரையாவது போட்டிருக்கக் கூடாதா? பரீட்சைப் பேப்பரா திருத்தற?"

சின்னவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அழித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று விமர்சனத்தைத் திறந்தாள். கீழே ஒரு வாசகர், படகுக்காரனுக்காக வாங்கியிருப்பதாக எழுதியிருந்தார். அவள் விரல் அப்படியே நின்றது. அழிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை.

சில நாள் கழித்து, வரிசையில் மாமா நின்றார். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்தார். அவள் பட்டையைக் கட்டினாள்.

"அந்தப் படகு விஷயம்... நிஜமாவே பிடிச்சிருந்துதா?"

"பிடிச்சிருந்துது மாமா. கைய இறுக்கி மூடுங்க."

மூடினார். "ஆபீஸ்ல எல்லாரும் அருமைன்னாங்க. எது அருமைன்னு கேட்டா, அட்டைங்கறாங்க."

குழாயில் ரத்தம் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விமர்சனத்தை எடுத்துடட்டுமா மாமா?"

"வேண்டாம்மா. ரெண்டரைன்னு பார்த்தப்போ சாப்பாடு இறங்கலை, நான் பொய் சொல்லலை. ஆனா அந்தப் பகுதியை ஒருத்தர் வரிவரியாப் படிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுதே. இருக்கட்டும்."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்து போனார். அவரிடம் அவள் இதுவரை கேட்ட நீளமான பேச்சு அதுதான். வரிசையில் பின்னால் காத்து நின்றவர் "நாங்களும் மனுஷங்கதாம்மா" என்று அலுத்துக்கொண்டார்.

அக்கா மட்டும் இறங்கி வரவில்லை. தங்கையிடம் சண்டை போடவாவது ஆதாரம் வேண்டுமே என்று கடைசியில் அவளே புத்தகத்தைப் பிரித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏன்டி, அந்தப் படகுக்காரன் பொண்டாட்டி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறா. 'இன்னைக்கு என்ன பார்த்தீங்க'ன்னு கேக்கறா. அவன் பேசாம கையக் கழுவறான். அது நான்தானே?"

"மாமாவைக் கேளு."

"கேட்டேன். கையக் கழுவப் போயிட்டார்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அக்காதான் முதலில் நிறுத்தினாள். "இத்தனை வருஷமா நான் கேட்டது அவர் காதுல விழுந்திருக்குடி" என்றாள் மெல்ல. பிறகு உடனே குரலை ஏற்றினாள். "ஆனா ரெண்டரைக்கு உன்னை நான் மன்னிக்கலை, ஞாபகம் இருக்கட்டும்."

போனை வைத்தபோது மேசையில் பிரிக்காத பார்சல் ஒன்று கிடந்தது. சின்னவள் அதைத் தொடவில்லை. "அலுப்பாக இருக்கிறது. இந்த மாதம் விமர்சனம் கிடையாது" என்று தன் பக்கத்தில் எழுதினாள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். மத்தியானம்வரை அசையாமல் தூங்கினாள்.