மணப்பெண் அறைச் சாவி

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாளே நான் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் கேட்டாள். உன் கல்யாணத்தில் என்னவெல்லாம் சொதப்பியதோ அதை மட்டும் எழுதிக் கொடு, போதும் என்றாள். அதை மட்டும் எழுதவே நாற்பத்தேழு குறிப்புகள் வந்தன. மாப்பிள்ளையைப் பற்றி அதில் ஒன்றுகூடக் கிடையாது. அது எண்பது பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை.

சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. எந்த வண்டியில் எந்தப் பெட்டி ஏற வேண்டும், எது முதலில், எது கடைசியில் என்று பட்டியல் போடுவேன். அதனால் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் லிஸ்ட்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம் மூன்று மாதத்தில் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தேனே, அன்றைக்கும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேலே தாள் ஒட்டித்தான் கொண்டுவந்தேன். அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கப்புறம் நாலு வருஷமாக எனக்கு எதுவுமே பெரிதாக வந்ததில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வண்டிகளை அனுப்புகிறேன். கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் அல்லவா, அப்படி இதுவும் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

தங்கையின் கல்யாணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. ஆசை என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாகிவிடும். அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். ஷூ லேஸ் கட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் நான். அவள் மேடையில் நிற்பதைப் பார்த்தால் எனக்குள் ஏதாவது அசையும் என்று நினைத்திருந்தேன். அசையாவிட்டால் இனி எப்போதும் அசையாது என்றும் நினைத்திருந்தேன்.

குறிப்புகள் நன்றாகவே இருந்தன, என் வாயால் நானே சொல்லிக்கொள்கிறேன். புதுச் செருப்பை ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டுக்குள் போட்டு நட. பிளவுஸைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார். தூக்க முடியவில்லையென்றால் அன்றைக்கே தையல்காரரிடம் திருப்பிக் கொடு, அதற்குள் இளைத்துவிடுவேன் என்று கனவு காணாதே. கடைசி வாரத்தில் முகத்தில் புதிதாக எதையும் பூசாதே, எந்தச் சித்தி சொன்னாலும் சரி. மேடைக்குப் போவதற்கு முன் வயிறாரச் சாப்பிடு. அப்புறம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சாப்பிட்டவர்கள். அழுகை வந்தால் கண்ணைத் துடைக்காதே, டிஷ்யூவால் ஒற்று. கேமராவைப் பார். யார் கூப்பிட்டாலும் கேமராவை மட்டும் பார்.

ஒன்பதாவது குறிப்பு, மேடையில் அவளுக்கு வலது பக்கம் ஒரே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது. ஊக்கு, டிஷ்யூ, தண்ணீர் எல்லாம் அந்த ஆள் கையில். நோட்டை என்னிடமிருந்து வாங்கிய அன்றைக்கே தங்கை அதற்கு நேராகப் பென்சிலால் 'அக்கா' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டாள்.

முதல் குறிப்பு சாவியைப் பற்றியது. என் கல்யாணத்தில் மணப்பெண் அறையைத் திறந்துபோட்டுவிட்டு எல்லோரும் மேடைக்கு ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பையைக் காணோம். கூட்டிப் பெருக்க வந்த அம்மாளை நிற்க வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அவர் அழுது, மண்டபமே வேடிக்கை பார்த்து, கடைசியில் பை அத்தையின் காரில் கிடந்தது. அந்த அம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதினேன்: 'அறைச் சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். எல்லாம் முடியும்வரை அந்த ஆள் அறையை விட்டு நகரக் கூடாது. மேடையில் யாரும் தேடாத ஆளாகப் பார்த்து இந்த வேலையைக் கொடு.'

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கை மருதாணி வைத்துக்கொள்ளப் போயிருந்தாள். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சாப்பாட்டு மேஜையில் என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு யாருக்கு என்ன வேலை என்று பங்கு போட்டாள். ஒன்பதாவது குறிப்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தாள். பையனுடைய வீட்டிலிருந்து நாலு பேர் வருவார்கள், நாலு விதமாகப் பேசுவார்கள், நல்ல காரியத்தில் எதற்கு, தன் மகள் சும்மாதான் இருக்கிறாள், அவள் நிற்கட்டும் என்றாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எங்கே நிற்பது என்று கேட்டேன். அம்மாதான் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் குறிப்பின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"நாங்களா சொல்லல. நீயே எழுதியிருக்க பாரு."

படித்தேன். என் கையெழுத்துதான். எழுதும்போது யாரோ தூரத்து உறவு ஒருத்தியை மனதில் வைத்துத்தான் எழுதினேன். இப்போது படித்தால் அந்த வரி எனக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தது. சரி என்றேன். தங்கைக்கு இப்போது சொல்ல வேண்டாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்றாள் அத்தை. அதற்கும் சரி என்றேன். கடைசி இரண்டு நாள் கல்யாணப் பெண்ணை எந்த வம்பிலும் இழுக்காதே என்பதும் என் குறிப்புதான், நாற்பதாவது.

மணப்பெண் அறை மண்டபத்தின் மாடியில் இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, அதன் ஓரமெல்லாம் முன்னால் வந்த பெண்கள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு பக்கெட். தங்கைக்குப் புடவை மடிப்பெடுத்து ஊக்குக் குத்தியதெல்லாம் நான்தான். சாப்பிட வைத்ததும் நான்தான். கீழே இருந்து கூப்பிட்டதும் அவள் வாசலில் நின்று, வா அக்கா என்றாள்.

"நீ போ. கதவைப் பூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

கதவைப் பூட்டினேன், உள்ளிருந்து. நாற்காலியில் உட்கார்ந்து பைகளை எண்ணினேன். பதினொன்று. கீழே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், மைக்கில் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம், குழந்தை ஒன்றின் வீறல் எல்லாம் கேட்டன. பிறகு ஒரு பெரிய அமைதி. அப்புறம் கைதட்டல் எழுந்தது, நீளமாக. முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். ஏதாவது வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் பைகளை எண்ணினேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். போட்டோக்காரர். அவருடைய பேட்டரி இந்த அறையில்தான் சார்ஜில் இருந்தது. வியர்த்து வழிய உள்ளே வந்தவர், யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டும் என்ற வேகத்தில் இருந்தார்.

"ஏங்க, மேடைக்கு இடது பக்கம் ஒரு கதவு இருக்கே, அதுல அப்படி என்னங்க இருக்கு?"

மாடிப்படிக்கு வருகிற கதவு, வேறொன்றும் இல்லை என்றேன்.

"பொண்ணு அதையேதான் பார்த்துட்டு இருந்தாங்க. கேமராவைப் பாருங்கம்மான்னு கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. முக்கியமான நேரத்துல, 'அக்கா வந்துடட்டும், ஒரு நிமிஷம்'னு நிறுத்திட்டாங்க. பையனும் நின்னாரு. அந்த அத்தைம்மாதான் அவ வரமாட்டா, ஆகட்டும் ஆகட்டும்னு முடிச்சு வெச்சாங்க. இருநூறு படத்துலயும் கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்கு. யாருங்க அந்த அக்கா?"

"கீழதான் எங்கயாவது இருப்பாங்க" என்று சொல்லிப் பேட்டரியைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு கதவைப் பூட்டப் போனேன். சாவி துளைக்குள் போகவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வலித்தது, நெஞ்சுக்கு நடுவில், நன்றாகவே வலித்தது. கதவை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

புடவை மாற்ற வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், மடியில் கிடந்த சாவியைப் பார்த்தாள், சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

"ஒன்பதாவதுல உன் பேரைத்தானே போட்டிருந்தேன்" என்றாள்.

"முதல் குறிப்பு அதுக்கு முன்னாடியே வந்துடுதே."

அவள் அழ ஆரம்பித்தாள். துடைக்காதே, ஒற்று என்று டிஷ்யூவை நீட்டினேன். கேட்கவில்லை. இரண்டு புறங்கையாலும் சின்ன வயதில் துடைப்பதுபோலவே துடைத்தாள். மை கன்னம்வரை இழுபட்டுவிட்டது. மறுபடி மேக்கப் போட நாற்பது நிமிஷம் ஆயிற்று. கீழே அத்தை கத்துவது மாடிவரை கேட்டது. நாங்கள் அவசரப்படவில்லை.

ஆல்பம் இரண்டு மாதம் கழித்து வந்தது. காசைக் கொட்டி எடுத்தது, ஒரு படத்திலாவது பெண் நேராகப் பார்க்கிறாளா என்று அத்தை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்க்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் தங்கை ஓரமாகவே பார்க்கிறாள். அவளுக்கு வலது பக்கம் அத்தை மகள் தண்ணீர் பாட்டிலோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த ஆல்பத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரிப்பேன். ஆனால் நேர் எதிரே உட்காருவதில்லை. நாற்காலியை இடது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வேன், அந்தக் கதவு இருந்த பக்கம்.